வீடே முதல் மறைக்கல்விக்கூடம்: நம் செபமொழி நடந்து வந்த வழி



இணைச்சட்ட நூலின் 6 ஆம் அதிகாரத்தில் மோசே இஸ்ரயேல் மக்களுக்கு ஒரு பொறுப்பைக் கொடுக்கிறார். கடவுளின் கட்டளைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள் என்கிறார். எங்கே, எப்போது சொல்லிக் கொடுப்பது? வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கப் போகும்போது, எழுந்திருக்கும்போது. இந்தப் பட்டியலில் பள்ளிக்கூடமும் இல்லை, தொழுகைக்கூடமும் இல்லை. வீடும் வழியும் மட்டுமே இருக்கின்றன. புதிய ஏற்பாட்டில் பவுலடியார் திமொத்தேயுவுக்கு எழுதும் இரண்டாம் திருமுகத்தில், அந்த இளைஞரிடம் இருக்கும் நம்பிக்கை முதலில் அவருடைய பாட்டி லோயியிடமும் பிறகு தாய் யூனிக்கியிடமும் குடியிருந்தது என்று நினைவூட்டுகிறார். ஓர் ஆயாவும் ஓர் அம்மாவும் வீட்டில் வைத்து வளர்த்த நம்பிக்கைதான் பின்னாளில் ஒரு திருச்சபையை நடத்தியது.

மேலைநாடுகள் சிலவற்றில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் எல்லாப் பாடங்களையும் வீட்டிலேயே கற்பிக்கிறார்கள். நமக்கு அந்த வழக்கம் இல்லை. அது இன்று நம் பேச்சும் அல்ல. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், செபத்தையும் நம்பிக்கையையும் கற்றுக்கொள்கிற முதல் பள்ளி வீடுதான். அந்தப் பள்ளியில் எந்த மொழியில் செபித்தோம், எந்த மொழியில் செபிக்கிறோம் என்பதைப் பற்றியே இன்று சிந்திக்கப் போகிறோம்.

நம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து ஊர்களில் வீடு மந்திரிக்கப் போகிறபோதும், நோயாளிகளைப் பார்க்கப் போகிறபோதும் அடிக்கடி நாம் காணும் ஒரு காட்சி உண்டு. ஒரே வீட்டில் மூன்று செபமொழி. ஆயா "சர்வேசுரா" என்று கும்பிடுகிறார். நன்மை வாங்கிய நாளிலிருந்து அவருக்கு அதுதான் கடவுளின் பெயர். மகனும் மருமகளும் "இறைவா" என்று செபிக்கிறார்கள். பேரப்பிள்ளைக்கோ கர்த்தர் கற்பித்த செபம் ஆங்கிலத்தில் மட்டுமே தெரிகிறது. பள்ளியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. அந்தப் பெருமையை நாம் குறை சொல்லவில்லை. மல்லாட்டை வயலில் வெயிலில் நின்று, பெங்களூருக்கு வேலைக்குப் போய்ப் பணம் அனுப்பி, பிள்ளையைப் படிக்க வைக்கிற பெற்றோர் அவர்கள். ஆனால் ஆயா படுத்த படுக்கையாகி, அவஸ்தைப்பூசுதல் கொடுக்கக் குருவானவர் வந்து நிற்கிறபோது, கட்டிலைச் சுற்றி நிற்கிற மூன்று தலைமுறைக்கும் சேர்ந்து சொல்ல ஒரு செபம் இல்லாமல் போகிறது. ஆயாவின் உதடு அசைகிறது. பேரன் வாய் திறக்காமல் நிற்கிறான். அவனுக்குப் பாசம் குறைவில்லை, சொல்தான் இல்லை.

இந்தச் சொற்கள் நம் வீட்டுக்கு எப்படி வந்தன என்று தெரிந்தால், அவற்றை அவ்வளவு எளிதில் கைவிட மாட்டோம். ஆகவே ஏறக்குறைய 480 ஆண்டுகள் பின்னோக்கிப் போவோம்.

வேணும் என்ற சொல்லும் விசுவாசம் என்ற சொல்லும்

முத்துக்குளித்துறையில் பரதவ மக்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆனால் அவர்களுக்கு மறையைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லை. 1542 ஆம் ஆண்டு மே மாதம் கோவா வந்து சேர்ந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதே ஆண்டின் இறுதிப் பகுதியில் அந்தக் கடற்கரைக்கு வந்தார். தாம் கண்டதை 1544 ஜனவரியில் ஐரோப்பாவில் இருந்த தம் சகோதரர்களுக்குக் கடிதமாக எழுதினார். அந்த மக்கள் பேசுவது தமக்குப் புரியவில்லை, தாம் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை, ஏனெனில் தம் தாய்மொழி பாஸ்கு என்று அதில் ஒளிக்காமல் சொல்கிறார்.

அவர் செய்தது என்ன? இரு மொழியும் கொஞ்சம் தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டினார். அவர்களோடு பல நாள் உட்கார்ந்து சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம், பாவ அறிக்கைச் செபம் ஆகியவற்றைத் தமிழாக்கினார். தாமும் மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். மணியோசை கேட்டுப் பிள்ளைகளும் பெரியவர்களும் கூடினார்கள். நாளுக்கு இரண்டு முறை செபம் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகளின் ஆர்வம் தாங்க முடியாததாக இருந்தது. செபம் கற்றுக் கொடுக்கும்வரை தம்மைச் சாப்பிடவும் விடவில்லை, ஓய்வெடுக்கவும் விடவில்லை என்று எழுதுகிறார்.

அதற்கடுத்து அவர் செய்த ஏற்பாட்டை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். தம்மிடம் கற்றதை வீட்டுக்குப் போய் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வீட்டிலுள்ள எல்லாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பொறுப்புக் கொடுத்தார். நோயாளிகளின் வீடுகளுக்குத் தம்மால் போக முடியாதபோது, செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பினார். பிள்ளைகள் நோயாளியின் பக்கத்தில் நின்று செபம் சொன்னார்கள். இன்றைக்கு நம் கட்டிலோரத்தில் வாய் திறக்காமல் நிற்கிற பேரப்பிள்ளையை நினைத்துக்கொண்டு இதைக் கேளுங்கள். நம் நாட்டுத் தமிழ்ச் செபம் வீடுவீடாகப் பரவியது பிள்ளைகளின் வாய் வழியாகத்தான்.

சவேரியாரின் இன்னொரு கடிதம் 1544 ஆம் ஆண்டில் தம் உடன் உழைப்பாளரான மான்சிலாஸ் என்பவருக்கு எழுதியது. அதில் ஒரு திருத்தம் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தின் முதல் மொழிபெயர்ப்பில் "எனக்கு வேணும்" என்ற சொல் இடம்பெற்றிருந்தது. "வேணும்" என்றால் விரும்புகிறேன், கேட்கிறேன் என்று பொருள். அதை எடுத்துவிட்டு "விசுவாசம்" என்ற சொல்லைப் போடுங்கள் என்று எழுதுகிறார். தமிழே சரியாகத் தெரியாத ஒருவர், கடற்கரை மக்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டு, இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்.

இது ஒரு சொல் திருத்தம் மட்டும்தானா, அன்பர்களே? செபம் முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவே நிற்கிறது. "வேணும்" என்று கடவுள் முன் நிற்கலாம். ஆண்டவரே கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் "வேணும்" என்பதோடு நின்றுவிட்டால் அது கடையில் நின்று சாமான் கேட்பது போல ஆகிவிடும். "உம்மை விசுவசிக்கிறேன்" என்ற சொல் வந்த பிறகுதான் கேட்பதும் பிள்ளை தகப்பனிடம் கேட்பதாகிறது. இந்த வேறுபாட்டை ஒருவன் தன் சொந்த மொழியில்தான் உணர முடியும். புரியாத மொழியில் பிழையே இருந்தாலும் யாருக்கும் உறுத்தாது.

அச்சில் ஏறிய வீட்டுச் செபம்

1554 ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் ஒரு சிறு நூல் அச்சானது. தமிழ்ச் செபங்கள் அதில் உரோமன் எழுத்துகளில் இருந்தன. தமிழ் எழுத்தை அச்சில் வார்க்க அப்போது வழியில்லை. அந்தக் குறையை நீக்க உழைத்தவர் அண்டிரிக் அடிகளார். போர்த்துக்கல் நாட்டைச் சேர்ந்த இந்த இயேசு சபைக் குரு 1540களின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, தமிழைப் பேசவும் எழுதவும் கற்று, இலக்கணமும் எழுதினார். அவருடைய முயற்சியால் 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் "தம்பிரான் வணக்கம்" அச்சிடப்பட்டது. மொத்தம் 16 பக்கங்கள். தமிழ் எழுத்தில் அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் நூல் இதுவே. இந்திய மொழிகளில் அந்தந்த மொழி எழுத்திலேயே அச்சான முதல் நூலும் இதுவே. அடுத்த ஆண்டு, 1579 நவம்பர் 14 அன்று, கொச்சியில் "கிரிசித்தியானி வணக்கம்" வந்தது. அது கேள்வி பதிலாக அமைந்த மறைக்கல்வி நூல். 1586 இல் புனிதர்களின் வரலாறுகளைச் சொல்லும் "அடியார் வரலாறு" வந்தது.

தமிழுக்கு அச்சு வந்தபோது முதலில் ஏறியது அரசாணையும் அல்ல, கதைப்புத்தகமும் அல்ல. மீனவர் வீட்டில் சொல்லுவதற்கான செபங்கள் ஏறின. கேள்வி பதிலாக ஒரு நூல் எழுதினார்கள் என்றால், ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். அம்மா கேட்பாள், பிள்ளை சொல்லும். எழுத்துத் தெரியாத வீட்டிலும் அது நடக்கும். தலைமுறை தலைமுறையாக "சின்னக் குறிப்பிடம்" என்று நம் பெரியவர்கள் மனப்பாடம் செய்த சிறிய ஞான உபதேசமும் அதே முறையில்தான் இருந்தது.

அந்த முதல் நூல்களில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல இருந்தன. திருப்பலிக்கு அவர்கள் சொல்லும் "மிசா" என்பது தமிழ் நாவில் "மீசை" என்றே ஒலித்தது. தூய ஆவியார் "இஸ்பிரீத்து சாந்து" ஆனார். சிலுவை "குருசு" ஆனது. 1606 ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் இதை மாற்ற முனைந்தார். இந்த நாட்டு மக்கள் கடவுளைப் பற்றிப் பேசும்போது என்ன சொற்களைப் பயன்படுத்துகிறார்களோ அந்தச் சொற்களிலிருந்து எடுக்க வேண்டும் என்று கருதினார். "சர்வேசுரன்", "பூசை" முதலிய சொற்கள் நம் செபங்களில் நிலைபெற்றது அவருடைய காலத்தில்தான். அவருக்கு எதிர்ப்பும் வந்தது. அவர் வழிமுறைகள் உரோமை வரை விசாரணைக்குப் போயின. நூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த வீரமாமுனிவர், ஊர் ஊராக மறையைக் கற்பித்த வேதியர்களுக்காக "வேதியர் ஒழுக்கம்" என்ற நூலை எழுதினார். குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ மட்டும் வந்துபோன காலத்தில், ஊரில் செபத்தை நடத்தியவர்கள் அந்த வேதியர்களும் உபதேசியார்களும், அவர்களோடு வீட்டுப் பெரியவர்களும்தான்.

ஆக, ஆயா இன்று சொல்லும் "சர்வேசுரன்" என்ற சொல்லுக்கு ஏறக்குறைய 400 வயது. "இஸ்பிரீத்து சாந்து" அதைவிட மூத்தது. அவை பிழையான சொற்களும் அல்ல, படிக்காதவர் பேச்சும் அல்ல.

குருவானவர் இல்லாத வீடுகள்

வீட்டில் கற்ற செபம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஈழத்துத் தமிழர் வரலாறு சான்று. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு இடம் கொடுப்பவர்களுக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. கோவில்கள் பறிபோயின. பிள்ளைகள் அரசின் மறைப் பள்ளிகளுக்குப் போக வேண்டியிருந்தது. பகலில் பள்ளியில் ஒன்று, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் வேறொன்று. இப்படி ஏறக்குறைய 30 ஆண்டுகள்.

1687 ஆம் ஆண்டு கோவாவைச் சேர்ந்த புனித யோசேப் வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் தாய்மொழி கொங்கணி. ஈழத்து மக்களுக்காகத் தமிழ் கற்றவர். கத்தோலிக்கர் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரையும் கேட்க முடியாது. கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டதும் சில வீடுகளில் முகம் மலர்ந்தது. குருவே இல்லாமல் வளர்ந்த அந்த வீடுகளில் செபம் உயிரோடு இருந்தது. அவருக்குப் பின் 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல எழுதினார். அவருடைய "வியாகுலப் பிரசங்கம்" தவக்காலத்தில் ஈழத்து ஆலயங்களில் வாசிக்கப்பட்டு வந்தது. யோசேப் வாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14 அன்று கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். அந்த விழாவில் நாம் நினைக்க வேண்டியவர்கள் இன்னும் பலர் உண்டு. கதவைச் சாத்திவிட்டுப் பிள்ளைக்குச் செபம் சொல்லிக் கொடுத்த பெயர் தெரியாத அம்மாக்கள் அவர்கள்.

நம் பக்கத்திலும் ஒரு வறண்ட காலம் வந்தது. 1773 இல் இயேசு சபை கலைக்கப்பட்டது. மதுரை மறைப்பணித்தளத்தில் குருக்கள் மிகக் குறைந்துபோனார்கள். 1838 இல் இயேசு சபையார் மீண்டும் வரும்வரை பல ஊர்களில் விசுவாசத்தைத் தாங்கியவை உபதேசியாரின் குரலும் வீட்டுச் செபமும்தான். 2020 இல் ஊரடங்கு வந்து கோவில் கதவு மூடியபோது நாமே அதில் ஒரு சிறு பங்கை அனுபவித்தோம். ஏற்கெனவே குடும்ப செபம் இருந்த வீடுகள் அப்போது தடுமாறவில்லை.

புதுச்சேரிச் சாலையில் குடியிருக்கிற நமக்குப் பக்கத்து வரலாறு ஒன்றும் உண்டு. 1844 ஆம் ஆண்டு புதுச்சேரியில் ஆயர் பொன்னான் தலைமையில் ஓர் ஆயர் மன்றம் கூடியது. உள்ளூர்க் குருக்களை உருவாக்குவதும் கல்வியைப் பரப்புவதும் அங்கே பேசப்பட்ட முக்கியமான பொருள்கள். அதே ஆண்டு துய்புய் அடிகளார் மரியின் மாசற்ற இதயத்தின் பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளுக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளைப் படிக்க வைப்பதற்கென்றே அந்தச் சபை தோன்றியது. ஒரு பெண் படித்தால் ஒரு வீடு கற்கும் என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

பீடத்தில் இலத்தீன், வீட்டில் தமிழ்

இளையோருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். 1960களுக்கு முன் திருப்பலி இலத்தீன் மொழியில்தான் நடந்தது. பிரசங்கம் தமிழில் இருக்கும். குருவானவர் பீடத்தைப் பார்த்து நின்று இலத்தீனில் செபிப்பார்; மக்கள் தங்கள் இடத்தில் தமிழில் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்படியானால் சவேரியார் காலம் தொடங்கி நானூறு ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ச் செபம் எங்கே வாழ்ந்தது? பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலும் விளக்கு மாடத்தருகிலும் வாழ்ந்தது. அந்தி சாய்ந்ததும் கை கால் கழுவிக்கொண்டு பாயை விரித்து உட்கார்ந்து சொன்ன மன்றாட்டுகளில் வாழ்ந்தது.

1963 டிசம்பர் 4 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டை வெளியிட்டது. தாய்மொழியில் வழிபடக் கதவு திறந்தது. வீட்டில் இருந்த தமிழ் பீடத்துக்கு ஏறியது. அதே சங்கம் 1964 இல் திருச்சபை பற்றிய ஆவணத்தில் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று சிறப்பித்தது. 1965 இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில், பிள்ளைகளுக்கு முதன்மையான ஆசிரியர்கள் பெற்றோரே என்று கற்பித்தது.

பீடத்துக்கு ஏறிய தமிழ் புதுச் சொற்களை உடுத்திக்கொண்டது. பிதா தந்தை ஆனார். பரமண்டலம் விண்ணுலகம் ஆனது. பிரியதத்தம் அருள் ஆனது. ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆனது. பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆனது. அர்ச்சிஷ்டவர்கள் புனிதர்கள் ஆனார்கள். சம்மனசுகள் வானதூதர்கள் ஆனார்கள். 1995 இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இந்த நடையை வீடுகளுக்கும் கொண்டுவந்தது. இந்த மாற்றம் நல்லது. பிரியதத்தம் என்றால் என்ன என்று கேட்டால் பத்தில் ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்குமா என்பது ஐயமே. அருள் என்றால் பள்ளிப்பிள்ளைக்கும் புரியும். சவேரியார் "வேணும்" என்பதைத் திருத்திய அதே அக்கறைதான் இங்கேயும் வேலை செய்தது. மக்களுக்குப் புரிய வேண்டும்.

ஆனால் ஒன்று நேர்ந்தது. பல வீடுகளில் பழைய செபம் நின்றது. புதிய செபம் வீட்டுக்குள் வந்து பாயில் உட்காரவில்லை. கோவிலில் தமிழ் வந்துவிட்டதே, கோவிலில் செபித்தால் போதும் என்று இருந்துவிட்டோம். பிறகு தொலைக்காட்சி வந்தது, கைப்பேசி வந்தது, மாலை நேரத் தனிப்பயிற்சி வகுப்பு வந்தது. ஞாயிறு மறைக்கல்விக்கும் அந்த வகுப்பே போட்டியாக நிற்கிறது. வீட்டில் காலியாகக் கிடந்த அந்த இடத்தில்தான் பள்ளியில் கற்ற ஆங்கிலச் செபம் வந்து உட்கார்ந்தது. ஆங்கிலம் தமிழ்ச் செபத்தைத் துரத்தவில்லை. நாம் எழுந்து போன இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது.

எந்த மொழியானால் என்ன?

கடவுளுக்கு எல்லா மொழியும் தெரியுமே, எந்த மொழியில் செபித்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கடவுளுக்குத் தமிழ் தேவையில்லை, உண்மைதான். ஆனால் நமக்குத் தேவை. பெந்தக்கோஸ்து நாளில் தூய ஆவியார் எல்லாரையும் ஒரே மொழி பேச வைக்கவில்லை. வந்திருந்த ஒவ்வொருவரும் தத்தம் தாய்மொழியில் கேட்கும்படி செய்தார்.

ஆண்டவர் இயேசுவையே பாருங்கள். தொழுகைக்கூடத்தில் எபிரேய மறைநூலை வாசித்தவர் அவர். ஆனால் கெத்சமனித் தோட்டத்தில் மனம் கலங்கியபோது "அப்பா" என்று வீட்டில் பிள்ளை கூப்பிடுகிற அரமேயச் சொல்லால் கூப்பிட்டார். சிலுவையில் கைவிடப்பட்டவராய்க் கதறியதும் அதே மொழியில்தான் என்று மாற்கு பதிவு செய்திருக்கிறார். நாசரேத்தில் அன்னை மரியாவும் யோசேப்பும் வீட்டில் பேசிய மொழி அது.

சவேரியாரும் அப்படித்தான். தமிழும் மலாயும் ஜப்பானிய மொழியும் மக்களுக்காகத் தட்டித் தடுமாறிக் கற்ற அவர், 1552 டிசம்பரில் சீனக் கரையை அடுத்த சான்சியன் தீவில் காய்ச்சலில் கிடந்து இறந்தார். கூட இருந்தவர் அந்தோணி என்ற சீன இளைஞர். இறுதி நாள்களில் சவேரியார் தமக்குப் புரியாத ஒரு மொழியில் செபித்துக்கொண்டிருந்தார் என்று அவர் சொன்னாராம். அது பாஸ்கு மொழியாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அம்மாவின் மடியில் கற்ற மொழி கடைசி வரை கூட வந்திருக்கிறது.

நம் பிள்ளைகளுக்கும் ஒரு நாள் பெரிய துன்பம் வரும். அதைத் தடுக்க நம்மால் முடியாது. அந்த நாளில் தேர்வுக்குப் படித்த மொழி உதவிக்கு வருமா, அம்மா தலையைத் தடவிச் சொல்லிக் கொடுத்த மொழி வருமா? வருகிற அந்த மொழியில் அவர்களிடம் செபம் இருக்க வேண்டும். அழுகை ஒரு மொழியிலும் செபம் வேறு மொழியிலும் இருந்தால், அழுகிறபோது செபிக்க வராது.

நாம் வாழ்வது திருவண்ணாமலையின் பக்கத்தில். பௌர்ணமி தோறும் கிரிவலம் போகிற மக்கள் கூட்டத்தை நாம் பார்க்கிறோம். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய தலம் திருவண்ணாமலை என்பது அவர்கள் மரபு. நம் அண்டை வீட்டார் பலர் மார்கழி விடியலில் தங்கள் வழிபாட்டைத் தமிழில் பாடுகிறார்கள். அவர்கள் நடுவில் வாழ்கிற நம் பிள்ளைகள், கிறிஸ்தவம் என்றால் ஆங்கிலம் என்று எண்ணிக்கொண்டு வளர்ந்தால், அது நொபிலி அடிகளாரும் வீரமாமுனிவரும் பட்ட பாட்டை வீணாக்குவதாகும்.

வீட்டில் செய்யக் கூடியவை

அன்பார்ந்த பெற்றோரே, பெரிய திட்டம் எதுவும் நாம் கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும். கைப்பேசிகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு எல்லாரும் உட்காருங்கள். கர்த்தர் கற்பித்த செபமும் மங்கள வார்த்தை செபமும் தமிழில் சொல்லுங்கள். ஒரு பத்து மணி செபமாலை சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. பிள்ளை ஆங்கிலத்தில் கற்றதையும் ஒரு நாள் சொல்லட்டும், அதைத் தடுக்காதீர்கள். இரண்டும் தெரிந்த பிள்ளை எதையும் இழக்கவில்லை.

ஆயாவோ தாத்தாவோ வீட்டில் இருந்தால், வாரத்தில் ஒரு நாள் செபத்தை அவர்கள் நடத்தட்டும், தங்கள் பழைய சொற்களிலேயே. பேரப்பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. மாறாக, கேட்க வேண்டும். பரமண்டலம் என்றால் என்ன ஆயா? சம்மனசு என்றால் யார்? ஒரு வாரத்துக்கு ஒரு சொல். அவர்களுக்குத் தெரிந்த பழைய மன்றாட்டுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், அல்லது கைப்பேசியில் அவர்கள் குரலிலேயே பதிந்து வையுங்கள். புத்தகத்தில் இல்லாத செபங்களும் அவர்களிடம் உண்டு. அவர்கள் போனபின் அவற்றை யாரிடமும் கேட்க முடியாது.

செபம் முடியும்போது வீட்டில் ஒவ்வொருவரும் ஒரு மன்றாட்டைத் தம் வாய்ப்பேச்சில் சொல்லட்டும். ஏட்டுத் தமிழ் வேண்டாம். "சாமி, அப்பாவுக்கு வேலை கிடைக்கணும்" என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் போதும். மனப்பாடச் செபம் எலும்பு என்றால், இது அதன் மேல் வரும் சதை. இரண்டும் வேண்டும்.

வேலைக்காக பெங்களூரிலும் சென்னையிலும் தங்கியிருக்கிற அப்பாக்களே, ஞாயிறு இரவு வீட்டுக்குப் போன் போடும்போது, சாப்பிட்டாயா, பணம் வந்ததா என்று கேட்பதோடு, பிள்ளையோடு சேர்ந்து ஒரு முறை கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லுங்கள். அப்பாவின் குரலில் கேட்ட செபத்தைப் பிள்ளை மறக்காது.

மறைக்கல்விப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. சவேரியார் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த அதே வேலை. ஞாயிறு கற்றதை அன்று மாலை வீட்டில் ஒருவருக்குச் சொல்லிக் கொடுங்கள். உங்கள் தெருவில் படுத்திருக்கிற ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போய், பக்கத்தில் நின்று ஒரு செபம் சொல்லுங்கள்.

பெங்களூரிலிருந்து திரும்பி வரும் மகனுக்காகவும், தேர்வு எழுதும் மகளுக்காகவும், மழைக்காகவும், கடன் அடைவதற்காகவும் "வேணும், வேணும்" என்று நாம் கேட்கிறோம். கேட்போம், தந்தை நம்மைத் தள்ளமாட்டார். அந்தக் கேட்புக்கு அடியில் "விசுவசிக்கிறேன்" என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வோம். அந்தச் சொல்லைச் சரியாக நம் மொழியில் வைக்க ஒரு புனிதர் கடிதம் எழுதினார். அதைக் காப்பாற்ற எத்தனையோ வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு செபித்தன. இனி அதைப் பிள்ளைக்குக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது.

நாசரேத்துத் திருக்குடும்பத்தின் ஆசீர் உங்கள் ஒவ்வொரு வீட்டின் மேலும் இறங்குவதாக. தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.